ரெண்டாம் பாகத்துல என்ன மாத்தியிருக்கான்?

எங்கள் ஊர் டெண்ட் கொட்டாயில் எல்லாப் படத்துக்கும் மூன்று நான்கு பாகம் உண்டு. கொட்டாய்க்கு ஒரே புரொஜெக்டர். ஒரு சுருள் முடிந்து ஆபரேட்டர் அடுத்ததை மாட்டும்வரை விளக்கைப் போட்டுவிடுவார்கள். அதற்குள் முறுக்கும் கலர் சோடாவும் ஒரு சுற்று வரும். மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தவனுக்கும், அவன் தலை மறைத்தவனுக்கும் நடந்த பஞ்சாயத்து பாதியில் நிற்க, இரண்டாம் பாகம் தொடங்கிவிடும். சாலியமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் எழுபதுகளில் வளர்ந்த எனக்கு, இரண்டாம் பாகம் என்றால் ஒரு முறுக்கு தின்னும் நேரம். என் மகன் இன்றைக்கு ஒரு படத்தின் இரண்டாம் பாகத்துக்காக வருடக்கணக்கில் காத்திருக்கிறான். அது வந்து, பார்த்து, முகம் தொங்கி வீடு திரும்பியதும் சொல்கிறான்: “விடுங்கப்பா, மூணாவதுல சரி பண்ணிடுவாங்க.”

அன்றைக்குப் படம் முடியப் போவதை யாரும் அறிவிக்க வேண்டியதில்லை. திரையில் போலீஸ் ஜீப் வந்தால் போதும், பாதிக் கூட்டம் மணலைத் துழாவிச் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடும். ‘வணக்கம்’ போடுவதைப் பார்த்தவர்கள் இரண்டே வகை: தூங்கிப்போனவர், செருப்பு கிடைக்காதவர். இப்போது தஞ்சாவூர் ஏ.சி. தியேட்டரில் படம் முடிந்து, விளக்கும் போட்டு, துடைப்பத்தோடு ஆள் உள்ளே வந்த பிறகும் இளவட்டங்கள் எழுந்திருப்பதில்லை. சாப்பாடு போட்டவர், வேன் ஓட்டியவர் எல்லாருடைய பெயரும் ஓடி முடிந்த கடைசியில் அரை நிமிடம் ஒரு முகம் தெரியும். அடுத்த படத்து வில்லனாம். அவனுக்கு ஒரு விசில். வந்த படம் எப்படி என்று கேட்டால், வரப்போகும் படத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அறிவியல் படம் என்று நாங்கள் முதலில் பார்த்தது ‘கலை அரசி’. ஏ. காசிலிங்கம் இயக்கி 1963-ல் வந்த படம். எங்கள் கொட்டாய்க்கு வந்து சேர்ந்தபோது அதற்கு வயதாகி, பிரிண்ட் முழுக்க மழை பெய்துகொண்டிருந்தது. எம்.ஜி.ஆர். அதில் விவசாயி. வேற்றுக்கிரகத்தில் எல்லாம் இருக்கிறது, கலை மட்டும் இல்லை. அதனால் பறக்கும் வாகனத்தில் பூமிக்கு வந்து, பாட்டுத் தெரிந்த பானுமதியைத் தூக்கிப் போய்விடுகிறார்கள். எங்கள் சித்தப்பா இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. “ஒருத்தரத் தூக்கறதுக்கு இவ்வளவு பாடா? தை மாசம் தியாகராஜர் ஆராதனைக்குத் திருவையாத்துல எறங்கியிருந்தா வண்டி வண்டியா ஏத்திக்கிட்டுப் போயிருக்கலாமே!” எம்.ஜி.ஆர். அந்தக் கிரகத்துக்கே போய் மீட்டு வந்துவிட்டார். அவர்கள் திரும்ப வருவார்களா என்று ஊரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எம்.ஜி.ஆரிடம் அடி வாங்கியவன் மறுபடி வரமாட்டான் என்பது எங்களுக்குத் தெரிந்த அறிவியல்.

அடுத்த பாகம் என்ற ஏக்கத்தை எங்களுக்கு மூட்டிவிட்டது சினிமா இல்லை, வாரப் பத்திரிகை. எண்பதுகளில் ஆனந்த விகடனில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ வந்தது. முடிவெட்டும் கடைக்கு வரும் ஒரே பிரதி பத்துத் தலை தாண்டி நம் கைக்கு வரும்போது, அந்த வாரத்துக்குரிய பக்கங்களில் மட்டும் மயிர்த்துணுக்குகள் ஒட்டியிருக்கும். ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்த அந்த எஞ்சினியர், 2020-களின் தொடக்கத்தில் நடப்பதாக ஒரு நாட்டை எழுதினார். ஜீவா என்ற ஒருவன் ஆள்கிறான். பிள்ளை பெறவும் அரசாங்கம் அனுமதி தர வேண்டும். நிலா என்ற பெண்ணின் கணவன் காணாமல் போகிறான். துணைக்கு ஜீனோ என்ற இயந்திர நாய். அந்த நாய் புத்தகம் படிக்கும், கிண்டலடிக்கும், எங்கள் ஊரில் இருந்த பல பேரைவிடத் தெளிவாக யோசிக்கும்.

தொடர் முடிந்து, வாசகர்கள் ஜீனோவை விட மனமில்லாமல் இருந்தபோது ‘மீண்டும் ஜீனோ’ வந்தது. எனக்குத் தெரிந்து தமிழில் ஒழுங்காக எழுதப்பட்ட முதல் அறிவியல் இரண்டாம் பாகம் அதுதான். நாயை மறுபடி கொண்டுவந்து நாலு கிண்டல் அடிக்கவிட்டாலே பத்திரிகை விற்றிருக்கும். சுஜாதா அதோடு நிற்கவில்லை. முதல் பாகத்தில் ஆட்சியைக் கண்டு நடுங்கிய நிலாவை இரண்டாவதில் சிம்மாசனத்தில் உட்காரவைத்தார், பொம்மை ராணியாக. சர்வாதிகாரி ஒழிந்தால் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு முதல் கதை கைதட்டலையே பதிலாக வைத்து முடிந்திருந்தது. இரண்டாம் கதை அந்தக் கைதட்டலையே விசாரித்தது. ‘அப்புறம் என்ன ஆச்சு’ என்று வாசகன் ஆசையாகக் கேட்டதற்கு, ‘நீ நினைக்கிற மாதிரி ஆகவில்லை’ என்று பதில் வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டவுன் தியேட்டரில் ‘டெர்மினேட்டர் 2’ பார்த்தேன். போஸ்டரில் இருந்த ‘2’ எங்களை ஒன்றும் செய்யவில்லை. ஒன்றாவது படத்தை எங்களில் யாருமே பார்த்திருக்கவில்லை, ‘அர்னால்டு படம்’ என்றுதான் போனோம். பேசிய இங்கிலீஷில் பாதி புரியவில்லை. ஆனாலும் கதை முழுக்கப் புரிந்தது. பின்னால் வீடியோ கடையில் முதல் படத்தின் கேசட் கிடைத்துப் பார்த்தபோதுதான் ஜேம்ஸ் கேமரூன் என்ன செய்திருக்கிறார் என்பது உறைத்தது. 1984-ல் கொல்ல வந்த அதே ரக இயந்திரத்தை, அதே முகத்தோடு, 1991-ல் காப்பாற்ற அனுப்பியிருந்தார். ஹோட்டலில் தட்டு ஏந்தி, கொலைகாரனுக்குப் பயந்து ஓடிய பெண், இரண்டாவதில் புஜத்தை முறுக்கிக்கொண்டு எல்லாரையும் பயமுறுத்துகிறாள். முதல் படத்துக்கு ஆன செலவு சுமார் 64 லட்சம் டாலர், இரண்டாவதற்கு சுமார் 10 கோடி. பணம் பதினைந்து மடங்கு பெருகியும் அந்த ஆள் பதினைந்து மடங்கு துப்பாக்கி சுட்டதோடு விட்டுவிடவில்லை. யாருக்குப் பயப்பட வேண்டும் என்பதையே மாற்றினார்.

இந்தக் கதையைச் சித்தப்பாவிடம் சொன்னேன். வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். ரெண்டாம் பாகம் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி: “என்ன மாத்தியிருக்கான்?”

அவருக்கு அது சினிமாக் கேள்வி இல்லை. எங்கள் பக்கம் சினிமாவுக்கு நம்பர் போடுவதற்கு வெகு காலம் முன்பே நெல்லுக்கு நம்பர் போட்டுவிட்டார்கள். ஆடுதுறையில் 1922-ல் நெல் ஆராய்ச்சி நிலையம் வந்ததிலிருந்து ரகம் ரகமாக எண்கள்தான். அறுபதுகளில் ஏ.டி.டி. 27 வந்து குறுவையைத் தலைகீழாக்கியது. பிறகு 36, 37, 39, 43 என்று வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு எண்ணும் வரும்போது குடியானவன் ஒன்றைத்தான் கேட்பான். பழசில் என்ன குறை, இதில் என்ன தீர்ந்திருக்கிறது? வயசு குறைந்திருக்கா, சாயாமல் நிற்குமா, புகையான் பூச்சிக்குத் தாங்குமா, அரிசி சன்னமா? ஒன்றும் மாறாமல் நம்பர் மட்டும் கூடினால் விதைக்கோட்டை அவிழ்க்கவே மாட்டான்.

அதிலும் ஒரு ரகத்தைச் சொல்ல வேண்டும். கட்டாக்கில் பிறந்த சி.ஆர். 1009 என்ற நெல், பொன்மணி என்ற பெயரோடு எங்கள் பக்கத்துச் சம்பா வயல்களில் ஊன்றிவிட்டது. இட்லிக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதற்கு ஒரே எமன், ஐப்பசி கார்த்திகை மழையில் தேங்கும் தண்ணீர். பயிர் மூழ்கினால் அழுகிப்போகும். விஞ்ஞானிகள் ஒடிசாவின் நாட்டு ரகம் ஒன்றிலிருந்து மூழ்கலைத் தாங்கும் மரபணுவை எடுத்து அதே பொன்மணிக்குள் கொண்டுவந்தார்கள். சி.ஆர். 1009 சப் 1 பிறந்தது. இரண்டு வாரம் தண்ணீருக்குள் கிடந்தாலும் வடிந்ததும் எழுந்து நிற்கும். அதே அரிசி, அதே இட்லி. எது நம்மைக் கொன்றுகொண்டிருந்ததோ அங்கே மட்டும் கை வைத்திருக்கிறார்கள். ஒரு நல்ல இரண்டாம் பாகத்துக்கு இலக்கணம் எழுதச் சொன்னால் நான் இதைத்தான் எழுதிக் கொடுப்பேன்.

சினிமாவிலும் இந்த இலக்கணம் தேறியதுண்டு. ரிட்லி ஸ்காட்டின் ‘ஏலியன்’ 1979-ல் ஒரு கப்பலுக்குள் ஒரே ஒரு பிராணியை வைத்து வயிற்றைக் கலக்கியது. ஏழு வருடம் கழித்து கேமரூன் ‘ஏலியன்ஸ்’ எடுத்தபோது பிராணிகளின் எண்ணிக்கையைக் கூட்டினார், உண்மைதான். ஆனால் படம் நிற்பது அதில் இல்லை. தனியாகத் தப்பித்த ரிப்ளி கையில் ஒரு அநாதைச் சிறுமியைக் கொடுத்தார். எதிரில் முட்டையிடும் ராணியை வைத்தார். உயிர் பிழைக்கும் கதை இரண்டு தாய்மாரின் சண்டை ஆனது. டெர்மினேட்டருக்கோ இரண்டோடு புண்ணியம் தீர்ந்துவிட்டது. 2003, 2009, 2015, 2019 என்று மேலும் நாலு வந்தன. உலக அழிவைத் தள்ளிவைப்பதும் மறுபடி தேதி குறிப்பதுமாக, எங்கள் தாலுகா ஆபீஸ் பட்டா மாறுதல் மாதிரி ஆகிவிட்டது.

நம் ஊருக்கு வருவோம். ஷங்கர் முதலில் ‘ரோபோ’ என்ற பெயரில் கமல்ஹாசனை வைத்து எடுக்க நினைத்து, வருடக்கணக்கில் கிடப்பில் கிடந்த கதை, 2010 அக்டோபர் 1-ல் ரஜினிகாந்தோடு ‘எந்திரன்’ ஆக வந்தது. வசனத்தில் சுஜாதாவின் பெயர் இருந்தது. அவர் 2008 பிப்ரவரியிலேயே போய்விட்டார். டெர்மினேட்டரின் எலும்புக்கூட்டைச் செய்த ஸ்டான் வின்ஸ்டனின் பட்டறையில் தேர்ந்தவர்கள் படத்தின் ரோபோவான சிட்டிக்கு உடம்பு செய்தார்கள். உடம்புக்கு ஹாலிவுட், வாய்க்கு ஸ்ரீரங்கம்.

தஞ்சாவூரில் தியேட்டர் வாசலில் பால் அபிஷேகம் நடந்தது. மகன் அப்போது சின்னப் பையன், தோளில் உட்கார்ந்து பார்த்தான். சிட்டி கொசுவோடு பேச்சுவார்த்தை நடத்தும்போது கும்பகோணத்திலிருந்து வந்திருந்த உறவுக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். அந்த ஊர்க்காரருக்குத்தான் கொசுவின் அருமை தெரியும்.

ஆனால் அந்தப் படத்தைத் தூக்கி நிறுத்தியது வேறொரு காட்சி. தீப்பிடித்த குடியிருப்பில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி அப்படியே தூக்கி வந்து எல்லார் முன்னாலும் இறக்கிவிடுகிறது. உயிரைக் காப்பாற்றியதில் அதற்குப் பெருமை. சுற்றிலும் கண்கள், கேமராக்கள். அவள் கூனிக்குறுகி ஓடுகிறாள், லாரியில் அடிபட்டுச் சாகிறாள். காப்பாற்றியும் ஏன் செத்தாள் என்று இயந்திரத்துக்கு விளங்கவில்லை. தியேட்டரில் விசில் நின்றுபோய், பெண்கள் பக்கம் யாரோ உச்சுக் கொட்டியது கேட்டது. கடைசியில் நீதிமன்ற உத்தரவுப்படி சிட்டி தன்னைத் தானே கழற்றிப் போட்டுக்கொள்ளும்போது மகன் அழுதுவிட்டான். கதை அங்கே முடிந்தது. கழற்றியவற்றை மறுபடி மாட்ட வேண்டுமானால், அதற்குத் தகுந்த காரணம் வேண்டும்.

எட்டு வருடம் கழித்து அதன் இரண்டாம் பாகமாக ‘2.0’ வந்த தேதி 2018 நவம்பர் 29. இந்தத் தேதி உலகத்துக்கு எப்படியோ, எங்களுக்கு வேறு கணக்கு. நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புகள் தரையில் கிடந்தன. மின்கம்பங்கள் மட்டும் லட்சத்துக்கு மேல் சாய்ந்தன. பட்டுக்கோட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்ட தங்கையோடு பேச முடியவில்லை. டவர் இல்லை, டவர் வந்தால் சார்ஜ் இல்லை. சாலையில் விழுந்த மரங்களை அறுத்து அறுத்து வழி செய்தபிறகுதான் போய்ச் சேர்ந்தோம். அங்கே கடைத்தெருவில் ஒருவர் டீசல் ஜெனரேட்டர் வைத்து செல்லுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு சார்ஜ் போட்டார். பலகை நிறைய செல்கள். எல்லாம் ஒரே கறுப்பு என்பதால் ஒவ்வொன்றிலும் ரப்பர் பேண்டு போட்டு ஒரு துண்டுச் சீட்டு, அதில் பேரும் தெருவும். ரேஷன் கடையில்கூட அவ்வளவு ஒழுங்கான வரிசையை நான் கண்டதில்லை.

தங்கை மகன் காலேஜ் பையன், தஞ்சாவூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். வந்ததும் முதல் வேலையாக நாலு வீட்டுச் செல்களையும் பவர் பேங்குகளையும் எங்கள் பிளக்குகளில் மாட்டினான். அது ஏறும்வரை சும்மா இருப்பானேன் என்று என் மகன் அவனை ‘2.0’-வுக்கு அழைத்தான், நானும் தொற்றிக்கொண்டேன். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், திரையில் எல்லார் கையிலிருந்தும் செல்போன்கள் பிய்த்துக்கொண்டு வானத்தில் பறந்தன. ஊரே ஸ்தம்பித்து நிற்கிறது. தியேட்டர் வாய்பிளந்து பார்க்கிறது. மருமகன் என் காதருகில் குனிந்து சொன்னான்: “நமக்கு இந்தப் படம் பதினாறாம் தேதியே ரிலீஸ் ஆயிடுச்சு மாமா.”

500 கோடி ரூபாய்க்கு மேல் செலவு என்று பேசிக்கொண்ட படம். சித்தப்பாவின் கேள்வியைப் போட்டுப் பார்த்தேன். மாற்றியிருந்தார்கள், இல்லை என்று சொல்ல முடியாது. முதல் படத்தில் நாசம் செய்த சிட்டி இதில் காக்க வருகிறது. எதிரில் அக்‌ஷய் குமார், பட்சிராஜன் என்ற பறவை ஆய்வாளராக. செல்போன் கோபுரங்கள் பறவைகளைக் கொல்கின்றன என்று மனு மனுவாகக் கொடுத்து, எவரும் காதில் வாங்காததால் கோபுரத்திலேயே தூக்கில் தொங்கிய கிழவர். அவர் கதை சொல்லப்படும் பகுதியில் தியேட்டர் அசையவில்லை. வில்லன் பக்கம் நியாயம் இருந்தால் படம் எங்கேயோ போகும். ஆனால் நியாயத்தை அவர் கையில் கொடுத்த படம், அதற்குப் பதில் சொல்லவேண்டிய நேரத்தில் சிட்டிக்குச் சிவப்புச் சிப்பைப் போட்டுவிட்டது. எட்டு வருடத்துக்கு முன் சிட்டியை நாசக்காரனாக்கிக் கைதட்டல் வாங்கிய அதே சிப். அப்புறம் குட்டிச் சிட்டிகள் புறா மேல் ஏறி வந்தன. உயரம் கூடியது, அகலம் கூடியது, கண்ணாடி போட்டால் ஆழமும் கூடியது. அந்தக் குளியலறைப் பெண்ணுக்கு நிகராக ஒரு காட்சி கூடவில்லை.

சிட்டுக்குருவி விஷயத்தில் செல்போன் கம்பெனிகளின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது தனிக்கதை. டவரில் குருவி செத்ததற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஆதாரம் தேட ஷங்கர் எங்கள் தெருவுக்கு வந்திருக்கலாம். அந்தக் காலத்தில் முதல் அறுப்பு முடிந்ததும் அப்பாயி நெற்கதிரைக் குஞ்சமாகப் பின்னி வாசல் உத்தரத்தில் தொங்கவிடுவாள், குருவிகளுக்கென்று. ஓட்டுச் சந்தில் கூடு, களத்தில் சிந்தின நெல், குறைவில்லாத குடித்தனம். இப்போது பெல்ட் அறுவடை மிஷின் வயலில் இறங்கினால் கதிர் உள்ளே போய் நெல்லாக டிராக்டரில் விழுகிறது, அங்கிருந்து நேரே கொள்முதல் நிலையம். களமும் இல்லை, சிந்தலும் இல்லை. வீடு கான்கிரீட், சந்தும் இல்லை. குருவியைத் துரத்தியதில் எல்லாருக்கும் பங்கு இருக்கிறது, எனக்கும். கோபுரத்தைக் காட்டிவிட்டால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்ளலாம். நம்மையும் சேர்த்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருந்தால் ‘2.0’, ‘மீண்டும் ஜீனோ’ பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ‘2.0’-வில் உதவிக்கு வரும் ரோபோப் பெண்ணுக்குப் பெயர் நிலா. பெயர் மட்டும் ஸ்ரீரங்கத்துக்காரர் நாவலிலிருந்து நடந்து வந்துவிட்டது.

இப்போது முதல் பாகம் எடுக்கும்போதே இரண்டாம் பாகத்துக்கும் சேர்த்துத்தான் பூஜை. தொடர்கதைக்குப் போட்ட ‘தொடரும்’ இப்போது சினிமாவின் கடைசிக் கார்டு. மகனுக்கு இதெல்லாம் குறையாகவே படுவதில்லை. “யுனிவர்ஸ்ப்பா, எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கனெக்ட் ஆகும்” என்கிறான். எங்கள் கல்யாண வீடுகளிலும் எல்லாரும் ஒருவருக்கொருவர் கனெக்ட் ஆனவர்கள்தான். அதனால் சாம்பார் ருசித்துவிடுவதில்லை.

போன சம்பாவில் எங்கள் வயலுக்கு மருந்தடிக்க ட்ரோன் வந்தது. ஊர்ப் பிள்ளைகளெல்லாம் வரப்பில் கூடிவிட்டார்கள். கைத்தெளிப்பானை முதுகில் சுமந்து அரை நாள் நடந்த வேலையை, அது பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு வந்து இறங்கியது. கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்த சித்தப்பா கண்ணை இடுக்கிக்கொண்டு முழுக்கப் பார்த்தார். ஓட்டிய பையன் பெருமையாக வந்து எப்படித் தாத்தா என்று கேட்டான்.

“பறக்குறதெல்லாம் சரிதான் தம்பி. மருந்து அதே மருந்துதானே?”

ஆடுதுறையில் ஒரு புது நம்பரை வெளியில் விடுமுன், பல ஊர் வயல்களில் பல போகம் போட்டுப் பார்ப்பார்கள். பூச்சிக்குத் தாங்கியதா, காற்றுக்குச் சாய்ந்ததா, சோறு எப்படி என்று குடியானவனைக் கேட்டு எழுதிக்கொள்வார்கள். தேறாததை நம்பர் கொடுக்காமலே கழித்துவிடுவார்கள். சினிமாவில் நம்பர் முதலில் வந்துவிடுகிறது, வெள்ளோட்டம் வெள்ளிக்கிழமை காலைக் காட்சியில் நடக்கிறது. வயல் நாம். வாடகையும் நாமே கொடுக்கிறோம்.